அத்தியாயம் 6: பிளக் ஏன் கருகுகிறது?

மார்கழி பிறந்ததும் ஒயர்மேனுக்கு வரும் போன்களில் கீசர் புகார்தான் முந்திக்கொள்ளும். "தண்ணி சுடவே இல்லண்ணே" என்பார்கள். போய்ப் பார்த்தால் கீசர் நன்றாகவே இருக்கும். ஸ்விட்சை அணைத்துவிட்டு அதன் மூன்று பின் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். எர்த் பின் வாங்கிய அன்று இருந்த மாதிரியே மஞ்சளாக மின்னும். மற்ற இரண்டில் ஒன்று மட்டும் நுனியிலிருந்து பாதி தூரம் கறுத்திருக்கும். அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் பழுப்பேறி, குமிழ் விட்டு, பொரிந்துபோயிருக்கும். சாக்கெட்டிலும் அந்த ஒரு ஓட்டை மட்டும் கொஞ்சம் இளகிப் பெரிதாகத் தெரியும்.

இந்தப் பிளக்கைத் தூக்கி எறிவதற்கு முன் ஒரு நிமிடம் கையில் வைத்துப் பாருங்கள். மூன்று பின்னும் ஒரே பித்தளை, ஒரே நாளில் மாட்டியவை. எர்த் பின்னில் கரண்ட் ஓடுவதில்லை, அதனால் அது மின்னுகிறது, அது சரி. ஆனால் ஃபேஸ், நியூட்ரல் இரண்டிலும் ஓடியது ஒரே அளவு கரண்ட். ஒன்றின் வழியே போனதுதான் மற்றொன்றின் வழியே திரும்பியது. அப்படியிருக்க ஒன்று மட்டும் ஏன் கருகியது? "லோடு தாங்கல சார்" என்ற பதிலில் இந்தக் கேள்விக்கு விடை இல்லை. லோடுதான் காரணம் என்றால் இரண்டுமே கருகியிருக்க வேண்டும்.

ஜூல் கண்ட கணக்கு

இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கத்தில் பீர் காய்ச்சும் குடும்பத்தில் பிறந்தவர் ஜேம்ஸ் ஜூல். கம்பிச் சுருளைத் தண்ணீருக்குள் வைத்து, அதில் கரண்டைச் செலுத்தி, தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று தெர்மாமீட்டரால் அளந்தார். 1841-இல் அச்சான அவரது கட்டுரை சொன்ன கணக்கு இதுதான்: ஒரு கம்பியில் பிறக்கும் சூடு, அதில் ஓடும் கரண்டின் வர்க்கத்தையும் கம்பியின் மின்தடையையும் பொறுத்தது. கரண்ட் இரு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. தடை இரு மடங்கானால் சூடு இரு மடங்கு. எவ்வளவு நேரம் ஓடுகிறதோ அதற்கேற்ப மொத்தச் சூடு சேரும்.

பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் பரீட்சைக்குப் படிக்கும்போது ஒரே ஒரு ரெசிஸ்டரை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டுப் போய்விடுகிறோம். வீட்டில் அப்படி ஒன்றுமட்டும் இருப்பதில்லை. டிஸ்ட்ரிபியூஷன் போர்டின் ஸ்க்ரூ, சுவருக்குள் ஓடும் ஒயர், ஸ்விட்சின் உள்ளே தொடும் புள்ளி, சாக்கெட்டின் பித்தளை நாக்கு, பிளக் பின், கீசரின் காயில் என்று எல்லாமே வரிசையாகக் கோத்த தடைகள். அத்தனையிலும் ஒரே கரண்ட் ஓடுகிறது. ஆகவே யாருக்கு எவ்வளவு சூடு என்பதைத் தடை மட்டுமே பங்கு பிரிக்கிறது.

2000 வாட் கீசரை எடுத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் அது இழுப்பது சுமார் 8.7 ஆம்பியர். அதன் காயிலின் தடை 26 ஓமுக்குச் சற்று மேல். போர்டிலிருந்து குளியலறை வரை 15 மீட்டர் தூரம் என்றால், போக வர 30 மீட்டர் ஒயர். 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயரில் மீட்டருக்கு சுமார் 7.5 மில்லி ஓம், ஆக மொத்தம் கால் ஓமுக்கும் குறைவு. அதில் பிறக்கும் சூடு 17 வாட். 17 வாட் என்றாலும் 30 மீட்டருக்குப் பரவிவிடுவதால் மீட்டருக்கு அரை வாட் சொச்சம்தான். தொட்டால்கூடத் தெரியாது.

இப்போது பிளக்குக்கு வருவோம். சாக்கெட் நாக்கு பின்னை இறுக்கிப் பிடித்திருந்தால் அங்கே சில மில்லி ஓம் தடைதான், அரை வாட் சூடுகூட வராது. நாக்கு தளர்ந்து, பின் ஒரு ஓரத்தில் மட்டும் உரசிக்கொண்டு நிற்கிறது, தடை அரை ஓமுக்கு ஏறிவிட்டது என்று வையுங்கள். கரண்ட் 8.5 ஆம்பியராகக் கொஞ்சம் குறையும். அந்த ஒரு புள்ளியில் மட்டும் 36 வாட் சூடு. ரேடியோ ரிப்பேர்க் கடையில் ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைவிட அதிகச் சூட்டை அரைமணி நேரம் பிளாஸ்டிக்குக்குள் பூட்டிவைத்தால் என்ன ஆகுமோ அதுதான் உங்கள் கையில் இருக்கும் பிளக்.

ஒரு முறை சூடாகிவிட்டால் கதை வேகமெடுக்கும். சூட்டில் பித்தளை நாக்கு தன் விறைப்பை இழக்கும், பிடி இன்னும் தளரும். உலோகத்தின் மேல் கறுப்பு ஆக்சைடு படியும், அதுவும் தடையைக் கூட்டும். தடை கூடக் கூடச் சூடு, சூட்டினால் மேலும் தடை. மாதக்கணக்கில் மெதுவாக நடந்தது கடைசி வாரத்தில் மளமளவென்று முடிந்துவிடும்.

இதில் எம்சிபி ஏன் விழவில்லை என்று எல்லோரும் கேட்கிறார்கள். எம்சிபி கரண்டை மட்டுமே பார்க்கிறது. இங்கே கரண்ட் கூடவே இல்லை, உண்மையில் இத்துனூண்டு குறைந்திருக்கிறது. லூஸ் கனெக்‌ஷனை எம்சிபி கண்டுபிடிக்காது, கரண்ட் கசிவைப் பார்க்கும் ஆர்சிசிபியும் கண்டுபிடிக்காது. உங்கள் கையும் மூக்கும்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கையும் மூக்கும்

கீசரையோ இஸ்திரிப் பெட்டியையோ 15 நிமிடம் ஓடவிட்டு, ஸ்விட்சை அணைத்து, பிளக்கின் பிளாஸ்டிக் உடம்பைப் புறங்கையால் தொடுங்கள். வெதுவெதுப்பு இயல்பு. கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் அந்தப் பிளக்கை அன்றே மாற்ற வேண்டும். ஸ்விட்சுக்கும் இதே சோதனைதான். ஸ்விட்சின் முகம் சுட்டால் உள்ளே தொடும் புள்ளி தேய்ந்துவிட்டது என்று பொருள். ஸ்விட்ச் போடும்போது சடசடவென்று சத்தம் வருவது, லேசாகத் தட்டினால் மட்டும் எரிவது இதெல்லாம் அதே நோயின் அறிகுறிகள்.

வாசனை இன்னும் முன்கூட்டியே சொல்லும். ஸ்விட்ச், சாக்கெட் செய்யும் சில பிளாஸ்டிக் வகைகள் அளவுக்கு மீறிச் சூடானால் மீன் வாடை அடிக்கும். மீனே சமைக்காத வீட்டில் மீன் வாடை வந்தால், பூனையைத் தேடுவதற்கு முன் ஸ்விட்ச் போர்டுகளை முகர்ந்து பாருங்கள்.

மாற்றும்போது பிளக், சாக்கெட் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். கொஞ்சம் பணத்தை மிச்சம் பிடிக்க, பிளக்கை மட்டும் மாற்றுவது வழக்கமாகிவிட்டது. விறைப்பு போன பழைய நாக்கு புதுப் பின்னையும் அடுத்த மார்கழிக்குள் கருக்கிவிடும். மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே போர்டைக் கழற்ற வேண்டும். அதற்கு முன் அதே டெஸ்டரைக் கரண்ட் இருக்கும் வேறொரு சாக்கெட்டில் வைத்து, அது எரிகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எரியாத டெஸ்டரை நம்பிக் கை வைத்தவர்கள் உண்டு.

ஒயரின் நுனி கறுத்திருந்தால், செம்பு பளபளவென்று தெரியும் இடம் வரை வெட்டிவிடுங்கள். கறுத்த செம்பை ஸ்க்ரூவின் கீழ் எவ்வளவு இறுக்கினாலும் பிடி வராது. பல இழை ஒயராக இருந்தால் இழைகளை முறுக்கி, மடித்து இரட்டையாக்கி, ஒரு இழைகூட வெளியே நிற்காமல் துளைக்குள் விட்டு முறுக்குங்கள். நுனியில் ஈயம் பூசிவிட்டால் கச்சிதமாக இருக்கும் என்று சிலர் நினைப்பார்கள். ஸ்க்ரூவின் அழுத்தத்தில் ஈயம் நாளடைவில் நசுங்கி இடம் கொடுக்கும், இறுக்கம் தளரும். ஈயத்துக்குப் பதில், ஒயர் நுனியில் நசுக்கிப் பொருத்தும் லக் போடுவது நல்லது. முடிந்தால் கீசருக்குப் பிளக்கே வேண்டாம். 20 ஆம்பியர் டபுள் போல் ஸ்விட்சிலிருந்து ஒயரை நேரே கீசருக்குக் கொண்டுபோய்விட்டால், தளர்வதற்குப் பின்னும் இல்லை, நாக்கும் இல்லை.

கடைகளில் கன்வெர்ஷன் பிளக் என்று ஒன்று கிடைக்கும். கீசரின் பெரிய 16 ஆம்பியர் பிளக்கைச் சாதாரண 6 ஆம்பியர் சாக்கெட்டில் செருகுவதற்கு. 2000 வாட் கீசருக்கு அதை மாட்டுவதை எந்தச் சூழ்நிலையிலும் நான் சரி என்று சொல்ல மாட்டேன். 6 ஆம்பியர் சாக்கெட்டில் 8.7 ஆம்பியர் ஓட்டுவது ஒரு தவறு. கூடுதலாக இன்னொரு ஜோடித் தொடுபுள்ளியை வழியில் நுழைப்பது இரண்டாவது தவறு.

சூடாக வேண்டிய கம்பி

இதுவரை சொன்னது, சூடு வரக்கூடாத இடத்தில் வருவதைப் பற்றி. காயிலில் வந்தாக வேண்டும். அதற்கென்றே ஒரு கம்பி இருக்கிறது: நிக்ரோம். நிக்கல் 80 பங்கு, குரோமியம் 20 பங்கு. ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் 1906-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதே நீளம், அதே தடிமன் உள்ள செம்புக் கம்பியைவிட இதன் தடை அறுபது மடங்குக்கு மேல். ஆனால் அதன் பெரிய குணம் தடை அல்ல. தடை மட்டும் போதும் என்றால் இரும்புக் கம்பியையே நீட்டிப் போட்டிருக்கலாம். சிவக்கச் சிவக்கக் காய்ந்தால் இரும்பு செதில் செதிலாக உதிர்ந்துவிடும். நிக்ரோமின் மேலோ குரோமியம் ஆக்சைடு மெல்லிய தோல் போலப் படிந்து, உள்ளே காற்று புகாமல் தடுத்துவிடுகிறது. வருடக்கணக்கில் சிவந்து எரிந்தும் கரையாமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

நிக்ரோமுக்கு இன்னொரு வசதி: சூடானாலும் அதன் தடை சில சதவீதம்தான் மாறும். ஆகவே ஹீட்டர் நன்றாக இருக்கிறதா என்பதை வீட்டிலேயே மல்டிமீட்டரால் பார்த்துவிடலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மீட்டரை ஓமில் வைத்து, பிளக்கின் ஃபேஸ், நியூட்ரல் பின்களில் தொடுங்கள். 230-ஐ 230-ஆல் பெருக்கி வாட்டால் வகுத்தால் வர வேண்டிய எண் கிடைக்கும். 1000 வாட் இஸ்திரிப் பெட்டிக்கு 53 ஓம், 1500 வாட் வாட்டர் ஹீட்டர் ராடுக்கு 35, 2000 வாட் கீசருக்கு 26, 3000 வாட் இன்ஸ்டன்ட் கீசருக்கு 17 அல்லது 18. மீட்டர் எதுவுமே காட்டவில்லை என்றால் காயில் அறுந்திருக்கலாம், தெர்மோஸ்டாட் திறந்திருக்கலாம். தெர்மோஸ்டாட் திருகியை முழுச் சூட்டில் வைத்து மறுபடி பாருங்கள். அடுத்து ஒரு பின்னையும் எர்த் பின்னையும் தொடுங்கள். இங்கே எந்த எண்ணும் வரக்கூடாது. வந்தால் காயில் உடம்பைத் தொடுகிறது, அந்தச் சாதனத்தை அப்படியே ஓரமாக வைத்துவிடுங்கள்.

இந்தச் சோதனை குண்டு பல்புக்குச் செல்லாது. 100 வாட் பல்பு எரியும்போது 529 ஓம். குளிர்ந்த நிலையில் மீட்டர் நாற்பது ஓம் பக்கம்தான் காட்டும். டங்ஸ்டனின் தடை சூட்டில் அப்படி ஏறும். பல்பு பெரும்பாலும் ஸ்விட்ச் போடும் அந்த நொடியில்தான் போகும் என்பதும் இதனால்தான்.

சுருள் அடுப்பு இன்னும் பல வீடுகளிலும் டீக்கடைகளிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. காயில் ஓரிடத்தில் அறுந்தால் இரண்டு முனையையும் இழுத்து முறுக்கிவிட்டு மறுபடி எரிய வைப்பார்கள். எரியும், முன்னைவிட நன்றாகவே எரியும். அதில்தான் ஏமாற்றம் இருக்கிறது. முறுக்கியதில் பத்தில் ஒரு பங்கு நீளம் வீணாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தடையும் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. வோல்ட் மாறாததால் கரண்ட் கூடுகிறது, 2000 வாட் அடுப்பு இப்போது 2200 வாட்டுக்கு மேல் எரிகிறது. அந்தக் கூடுதல் சூட்டைத் தாங்குவதற்குக் கம்பியோ குறைந்துவிட்டது. ஒவ்வொரு அங்குலமும் முன்பைவிட 23 சதவீதம் அதிகச் சூட்டைச் சுமக்கிறது. முறுக்கிய இடம் பிளக் பின் மாதிரியே இன்னொரு லூஸ் கனெக்‌ஷன். அடுத்த முறை அங்கேயே அறும். மறுபடி முறுக்குவார்கள், மறுபடி நீளம் குறையும்.

புதுக் காயில் மாட்டும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுதான். சுருளைச் சீராக இழுத்து நீட்டுங்கள். ஓரிடத்தில் சுற்றுகள் நெருக்கமாக இருந்தால் ஒன்றின் சூடு மற்றொன்றைக் காய்ச்சும். மற்ற இடம் செங்கல் நிறத்தில் இருக்க அந்த இடம் மட்டும் ஆரஞ்சாக ஒளிரும். அறுவது அங்கேதான்.

தண்ணீரும் உப்பும்

வாட்டர் ஹீட்டர் ராடை அறுத்துப் பார்த்தால் உள்ளே ஒரு மெல்லிய நிக்ரோம் சுருள், அதைச் சுற்றி வெள்ளைப் பொடி, வெளியே உலோகக் குழாய். அந்தப் பொடி மக்னீசியம் ஆக்சைடு. கரண்டை விடாது, சூட்டை மட்டும் விடும். சுருளில் பிறக்கும் 1500 வாட்டையும் தண்ணீர் உடனுக்குடன் வாங்கிக்கொண்டே இருப்பதால்தான் ராடு பிழைத்திருக்கிறது. 18 லிட்டர் வாளித் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குக் கொண்டுவர 17 நிமிடம் போல ஆகும், செலவு அரை யூனிட்டுக்கும் குறைவு.

போர்த் தண்ணீர் ஊரில் ராடின் மேல் வெள்ளை உப்பு ஏடு ஏடாகப் படியும். உப்பு படிந்தால் கரண்ட் அதிகமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். கரண்டும் அதே, வாட்டும் அதே. உள்ளே பிறந்த சூடு வெளியேற வழி அடைபடுகிறது, அவ்வளவுதான். வாங்க ஆளில்லாத சூடு சுருளிலேயே தேங்கி அதன் வெப்பநிலையை ஏற்றுகிறது. ஒரு நாள் குழாய் வெடித்துத் தண்ணீரில் கரண்ட் பாயும். வினிகரில் சில மணி நேரம் ஊறவைத்தால் உப்பு இளகும். கத்தியால் சுரண்டாதீர்கள், குழாயில் கீறல் விழும். தண்ணீரில் வைக்காமல் ராடுக்கு ஸ்விட்ச் போடுவதும் இதே கணக்குதான், சில நொடிகளில் முடிந்துவிடும். கை விட்டுத் தண்ணீர் சுட்டதா என்று பார்ப்பதற்கு முன் ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும். வீட்டில் நல்ல எர்த் இல்லையென்றால் ராடு வேண்டவே வேண்டாம்.

வோல்டேஜ் குறைந்த தெருவில் கீசர் மந்தமாகச் சுடுவதும் வர்க்கக் கணக்குதான். 230 இருக்க வேண்டிய இடத்தில் 190 வந்தால் குறைவு 17 சதவீதம்தானே என்று தோன்றும். 2000 வாட் கீசர் 1365 வாட்டுக்கு இறங்கிவிடும். 20 நிமிடத்தில் சுட்ட தண்ணீருக்கு அரைமணி ஆகும். கீசருக்கு இதனால் கெடுதல் இல்லை. போர் மோட்டார் அப்படி இல்லை. வோல்டேஜ் குறைந்தால் அது அதிகக் கரண்டை இழுத்துத் தன் காயிலையே காய்ச்சிக்கொள்ளும். ஆகவே ஸ்டெபிலைசருக்குப் பணம் செலவழிப்பதாக இருந்தால் கீசருக்கு வேண்டாம்.

ஒயரும் எம்சிபியும்

எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் ஒயர் பெரும்பாலும் 0.75 ஸ்கொயர், சிலவற்றில் அதற்கும் குறைவு. 5 மீட்டர் ஒயரில் 2000 வாட் ஹீட்டரை ஓட்டினால் சுமார் 20 வாட் சூடு ஒயரிலேயே பிறக்கும். தரையில் நீளமாகக் கிடந்தால் காற்று வாங்கித் தப்பிக்கும். அழகாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்தால், நடுவில் இருக்கும் சுற்று தன் சூட்டை எங்கே கொடுக்கும்? கல்யாண வீட்டில் டிரம்மில் சுற்றிய ஒயரிலிருந்து பெரிய லோடு எடுக்கும்போதும், தேவை பத்து மீட்டர்தான் என்றாலும், முழுவதையும் அவிழ்த்துப் போட வேண்டும்.

சுவருக்குள் போகும் ஒயருக்கும் இதே நியாயம். லைட், ஃபேனுக்காக இழுத்த 1 ஸ்கொயர் ஒயரில் 4 ஆம்பியர் ஓடினால் மீட்டருக்கு 0.3 வாட். அதே ஒயரில் 16 ஆம்பியர் ஓட்டினால் கரண்ட் நான்கு மடங்கு, சூடு பதினாறு மடங்கு, மீட்டருக்கு 4.7 வாட். சாதாரண பிவிசி ஒயர் தாங்குவது 70 டிகிரி வரைதான். பூச்சுக்குள் பைப்பில் நாலைந்து ஒயர் ஒன்றாகக் கிடக்கும்போது அதை எட்டுவதற்கு அதிக நேரம் ஆகாது.

ஆகவேதான், எம்சிபி அடிக்கடி விழுகிறது என்றவுடன் "பெருசா ஒண்ணு போட்டுடலாம் சார்" என்று சொல்பவரை நிறுத்திக் கேளுங்கள்: "தம்பி, உள்ளே ஒயர் என்ன சைஸ்?" எம்சிபி காப்பாற்றுவது கீசரை அல்ல, சுவருக்குள் இருக்கும் ஒயரை. அதன் உள்ளேயும் சூட்டைக் கொண்டே வேலை நடக்கிறது. இரண்டு உலோகத் தகடுகள் ஒட்டிய ஒரு பட்டை, கரண்டின் சூட்டில் வளைந்து கொக்கியை விடுவிக்கும். ஷார்ட் ஆனால் பட்டை வளையும் வரை காத்திருக்க முடியாது என்பதால், அதற்குத் தனியாக ஒரு காந்தச் சுருள். பட்டை நிதானமானது. 16 ஆம்பியர் எம்சிபி 18 ஆம்பியரில் ஒரு மணி நேரம் விழாமல் நிற்க வேண்டும். 23 ஆம்பியர் ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். தரநிர்ணயமே அப்படித்தான். எம்சிபியின் எண்ணுக்கு மேல் ஒரு ஆம்பியர் போனவுடன் டப்பென்று விழும் என்று யாரும் நம்பியிருக்க வேண்டாம். ஒயர் அந்த ஒரு மணி நேரத்தையும் தாங்கும் தடிமனில் இருக்க வேண்டும்.

பழைய வீடுகளில் இன்னும் பீங்கான் ஃபியூஸ் கேரியர் இருக்கும். ஃபியூஸ் கம்பி வேண்டுமென்றே ஒல்லியாக வைத்த ஒரு தடை, முதலில் உருகுவதற்காகவே இருப்பது. அவசரத்துக்கு அங்கே ஒயரிலிருந்து உருவிய செம்பு இழைகளை முறுக்கிக் கட்டியிருப்பதைப் பல வீட்டில் பார்க்கலாம். அப்படிக் கட்டிய வீட்டில் முதலில் உருகப்போவது சுவருக்குள் எங்கோ இருக்கும் ஒயர்.

டிஸ்ட்ரிபியூஷன் போர்டின் ஸ்க்ரூக்களை வருடத்துக்கு ஒரு முறை ஒயர்மேனை வைத்து இறுக்குங்கள், மார்கழிக்கு முன்னால் என்றால் நல்லது. நியூட்ரல் ஒயர்கள் எல்லாம் சேரும் நியூட்ரல் லிங்க்கைக் கட்டாயம் காட்டச் சொல்லுங்கள். ஃபேஸ் பக்கம் எல்லோரும் பார்ப்பார்கள், நியூட்ரல் ஸ்க்ரூவை மறந்துவிடுவார்கள். சிங்கிள் ஃபேஸ் வீட்டில் அது தளர்ந்தால் கருகுவதோடு போகும். மூன்று ஃபேஸ் வீட்டில் நியூட்ரல் விட்டுப்போனால் சில அறைகளுக்கு 230-க்குப் பதில் 400 வோல்ட் வரை ஏறிவிடும், டிவியும் ஃப்ரிட்ஜும் ஒரே நிமிடத்தில் போகும். அதை எப்படித் தடுப்பது என்பது அடுத்த அத்தியாயத்தில்.